போருக்குப் பிந்திய ஜனநாயகத்தை ஆராய விரும்புவோருக்கு: கொழும்பிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு "அரசறிவியல் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். பட்டம் முடித்து ஏதோவொரு நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தராக இருப்பவர்கள் இதே கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்கிறார்கள். போர் முடிந்த நாட்டில் வாக்குரிமை, அதிகாரப் பகிர்வு, நீதி, நம்பிக்கை இவையெல்லாம் எப்படித் திரும்பி வருகின்றன, ஏன் வராமல் போகின்றன என்பதை ஆராய்வதும் கற்பிப்பதும் ஒரு முழு வாழ்க்கைத் தொழில்தான். அந்தத் தொழிலுக்குள் போகும் வழியை, எனக்குத் தெரிந்த அளவில், ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் இருக்கும் தமிழ் மாணவருக்கு இத்துறையில் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு, ஆதாரங்களை மூன்று மொழிகளிலும் படிக்கப் பழகக்கூடிய சூழல். "எங்களுக்கு நடந்தது எங்களுக்குத்தான் தெரியும்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டால் ஆய்வு நகராது. நடந்ததை எதுவும் அனுபவிக்காத ஒருவர்கூட மறுக்க முடியாதபடி நிறுவிக் காட்டுவதுதான் ஆய்வாளரின் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நோக்கியவை.

படி 1: துறையின் வரைபடத்தை அறிந்துகொள்ளுங்கள்

சமாதான ஆய்வு என்பது தனித்துறையாக வளர்ந்தது கடந்த நூற்றாண்டின் பின்பாதியில். 1959இல் யோஹான் கல்டுங் ஒஸ்லோவில் சமாதான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். துப்பாக்கிச் சத்தம் நின்றுவிடுவதை ஒரு வகைச் சமாதானமாகவும், அநீதியான அமைப்புகளே இல்லாமற்போவதை இன்னொரு வகைச் சமாதானமாகவும் அவர் பிரித்துக் காட்டினார். இத்துறையில் எதைப் படித்தாலும் அந்தப் பிரிப்பு எங்காவது எதிர்ப்படும். 1992இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பூட்ரஸ் காலி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'சமாதானத்தைக் கட்டியெழுப்புதல்' அரசுகளின் அன்றாடப் பேச்சிலும் புகுந்தது.

அதன் பிறகு வந்த விவாதங்களில் குறைந்தது மூன்றையாவது நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது அதிகாரப் பகிர்வு பற்றியது. இனக் குழுக்களின் தலைமைகளை ஒன்றாக ஆட்சியில் அமர்த்த வேண்டும் என்பது அரசறிவியலாளர் லைப்ஹார்ட்டின் வாதம். மிதவாதிகளுக்கு வாக்குக் கிடைக்கும்படி தேர்தல் முறையை வடிவமைக்க வேண்டும் என்பது ஹொரோவிட்ஸின் வாதம். ஹொரோவிட்ஸ் இலங்கையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். இரண்டாவது, தேர்தலை முதலில் வைப்பதா, நிறுவனங்களை முதலில் கட்டுவதா என்ற ரோலண்ட் பாரிஸின் கேள்வி. மூன்றாவது, மேற்கிலிருந்து வரும் தாராளவாதச் சமாதான மாதிரி உள்ளூர் மக்களுக்குப் பொருந்துகிறதா என்று ஒலிவர் ரிச்மண்ட், ரோஜர் மக்கின்டி போன்றோர் எழுப்பிய விமர்சனம்.

சரி, இலங்கை இதில் எங்கே வருகிறது? பொஸ்னியாவில் 1995இலும் வட அயர்லாந்தில் 1998இலும் நேபாளத்தில் 2006இலும் போர் உடன்படிக்கையோடு முடிந்தது. இத்துறையின் பெரும்பாலான கோட்பாடுகள் அப்படிப்பட்ட நாடுகளை வைத்தே உருவானவை. இலங்கையில் 2009 மே மாதம் போர் இராணுவ வெற்றியோடு முடிந்தது. பேச்சுவார்த்தை மேசையில் எதுவும் தீரவில்லை. அதேநேரம் 1931 முதல் சர்வசன வாக்குரிமை உள்ள நாடு இது. போர்க் காலத்திலும் தேர்தல்கள் நடந்தன. ஜனநாயகமும் போரும் இத்தனை காலம் அருகருகே இருந்த நாட்டைப் பற்றி அந்தக் கோட்பாடுகளால் குறைவாகத்தான் சொல்ல முடிகிறது. இங்கிருந்து எழுதுபவரின் ஆய்வுக்கு உலக அளவில் மதிப்பு வருவது இதனால்தான்.

படி 2: சிங்களம் படியுங்கள்

இதைத் தனிப் படியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் தேவை என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஆங்கிலமும் தமிழும் மட்டும் தெரிந்த ஆய்வாளருக்கு இந்த நாட்டின் அரசியலில் பெரும்பகுதி மூடியே இருக்கும்.

பாராளுமன்ற ஹன்சார்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே உரை அச்சாகியிருக்கும். மாகாண சபை பற்றிய ஒரு விவாதத்தில் அமைச்சர் சிங்களத்தில் தொடங்குவார், நடுவில் ஒரு பத்தி ஆங்கிலத்தில் ஓடும், வடக்கு உறுப்பினர் தமிழில் குறுக்கிடுவார், பதில் மறுபடி சிங்களத்தில் வரும். ஒரே பக்கத்தில் மூன்று எழுத்தும் இருக்கும். தமிழ் மட்டும் வாசிப்பவருக்குக் குற்றச்சாட்டு கிடைக்கும், பதில் கிடைக்காது. சிங்களம் மட்டும் வாசிப்பவருக்கு நேரெதிர். இந்த நாட்டு ஆய்வுகள் பலவற்றில் ஒரு பக்கத்தின் குரல் மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கொழும்பில் இருந்தால் கடையிலும் பஸ்ஸிலும் பேசுமளவு சிங்களம் தானாக வந்துவிடும். அது போதாது. தினமும் சிங்களப் பத்திரிகையின் ஒரு ஆசிரியர் தலையங்கத்தைக் கையில் பேனையோடு வாசியுங்கள். தெரியாத சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் ஹன்சார்ட் வாசிக்கும் நிலைக்கு வரலாம். சிங்கள நண்பர் ஒருவரோடு மாறிமாறிக் கற்பித்துக்கொண்டால் அவருக்கும் தமிழ் வரும், நாளைக்கு உங்களுக்கு ஒரு இணை ஆய்வாளரும் கிடைப்பார்.

படி 3: முதற்பட்டம்

இசட் புள்ளியைப் பொறுத்துக் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு என்று எங்கும் அரசறிவியல் படிக்கலாம். எந்த மொழிமூலத்தில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதை அந்தந்த வருடத்துக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறப்புப் பட்டம் செய்யக் கிடைத்தால் விடவேண்டாம். விரிவுரையாளர் பதவிக்கு வகுப்புச் சித்தி முக்கியம்: முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.

சட்டம், சமூகவியல், வரலாறு, பொருளியல் படித்தவர்களும் இத்துறைக்கு வருகிறார்கள். எந்தப் பாடமாக இருந்தாலும் புள்ளிவிபரவியலில் ஒரு அலகாவது எடுங்கள். கலைப் பீட மாணவர்கள் பலர் அதைக் கண்டு ஓடுகிறார்கள், பிறகு பி.எச்.டி. காலத்தில் கஷ்டப்படுகிறார்கள். முழுநேரம் படிக்க முடியாதவர்களுக்கு நாவலயில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் இயங்கும் சர்வதேச கற்கை நிலையமும் டிப்ளோமாக்கள் நடத்துகிறது.

படி 4: கொழும்பையே நூலகமாக்குங்கள்

இங்கே நேரம் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொழும்பு மாணவர்கள் பலர் இந்த இடங்களைத் தாண்டித் தினமும் போகிறார்களே தவிர உள்ளே போவதில்லை.

கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. பழைய பத்திரிகைகள், வர்த்தமானிகள், அரச ஆவணங்கள் அங்கே. அருகிலேயே சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம். 1877இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகத்தின் நூலகத்தையும் மறக்கவேண்டாம். பொரளைப் பக்கம் கின்சி டெரஸில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் இருக்கிறது. 1982இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தின் நூலகம் இத்துறைக்கென்றே அமைந்தது போன்றது. சமூக விஞ்ஞானிகள் சங்கம் 1977 முதலும், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1996 முதலும் இயங்குகின்றன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் ஆய்வுப் பிரிவு நடத்திய பொதுமக்கள் கருத்துக் கணிப்புகள் நல்ல மூலப்பொருள். ஈழத்துத் தமிழ் வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் 2005 முதல் செய்துவரும் தொண்டுக்கு ஈடில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த சமூகம் நாம். ஒவ்வொரு பிரதியும் பல இடங்களில் இருக்கவேண்டும் என்பதை வேறு யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இலக்கங்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001 மதிப்பீட்டில் 18 மாவட்டங்கள்தான் முழுமையாக எண்ணப்பட்டன. இதைக் கவனிக்காமல் வடக்கின் சனத்தொகை மாற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். உலக ஒப்பீட்டுக்கு உப்சலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டமும் கோத்தன்பர்க்கில் இயங்கும், நாடுகளின் ஜனநாயகத்தை அளவிடும் வி-டெம் தரவும் இலவசமாகவே கிடைக்கின்றன. உப்சலாத் தரவில் ஒரு வருடத்தில் குறைந்தது 25 பேர் மோதலில் இறந்தால்தான் அது ஆயுத மோதலாகக் கணக்கெடுக்கப்படும். இப்படிப்பட்ட எல்லைக்கோடுகளைத் தெரிந்துகொள்ளாமல் அட்டவணையைத் தூக்கிப் போடவேண்டாம்.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்த அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடமும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. "காணி விடுவிப்பு பற்றிய எல்லா விபரமும் தரவும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எத்தனை ஏக்கர், எந்த ஆவணத்தின் பிரதி என்று கேளுங்கள்.

படி 5: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஏன் தோற்றது?" என்பது மேடைப் பேச்சுக்குப் பொருத்தம். ஆய்வுக்கு வரும்போது அதை இப்படி மாற்றலாம்: 2013 ஒக்டோபரில் கூடி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபை நிறைவேற்றிய நியதிச்சட்டங்கள் ஆளுநரின் சம்மதத்துக்காக எவ்வளவு காலம் காத்திருந்தன? கிழக்கிலும் மேல் மாகாணத்திலும் அதே காலம் எவ்வளவு? வித்தியாசம் இருந்தால் அதை எது விளக்குகிறது: கட்சியா, ஆளுநரா, சட்டத்தின் உள்ளடக்கமா? இந்தக் கேள்விக்கு ஆவணம் இருக்கிறது, ஒப்பீடு இருக்கிறது, பதில் நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக வரவும் இடம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் அது ஆய்வுக் கேள்வியே இல்லை என்பேன்.

மூல ஆவணத்தை வாசிக்கும் பயிற்சிக்கு 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஆவணம் இல்லை. யார் கையெழுத்திட்டார்கள், யார் கண்காணிப்பார்கள், யார் எப்படி விலகலாம் என்ற மூன்று கேள்விகளை மட்டும் வைத்து வாசியுங்கள். அரசாங்கம், விடுதலைப் புலிகள் என்ற இரு தரப்புதான் கையெழுத்திட்டன, முஸ்லிம் மக்கள் ஒரு தரப்பாக அதில் இல்லை. கண்காணிப்புக் குழுவில் ஐந்து நோர்டிக் நாட்டவர்கள் இருந்தார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும் குழுவில் இருந்த, அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டவர்கள் வெளியேற நேர்ந்தது. 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் எந்தத் தரப்பும் விலகலாம் என்ற வாசகத்தின்படிதான் 2008 ஜனவரியில் அரசாங்கம் விலகியது. ஆறு வருட வரலாற்றின் பல முடிச்சுகள் அந்த வாசகங்களிலேயே இருக்கின்றன. செய்திக் கட்டுரைகளை மட்டும் வாசித்தவருக்கு இது பிடிபடாது.

நம் சமூகத்துக்கு வெளியிலும் கேள்விகளைத் தேடுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் மீள்திரும்பல், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரஜாவுரிமையையும் அதைத் தொடர்ந்து வாக்கையும் இழந்த மலையக மக்களின் அரசியல், 1971இலும் 1987–89இலும் தெற்கில் காணாமற்போன இளைஞர்களின் குடும்பங்கள். 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் வந்ததே, அதையும் உணர்ச்சிவசப்படாமல் ஆராயவேண்டும். பிறருடைய இழப்பையும் அதே கவனத்தோடு படிக்கும் ஆய்வாளர் தன் மக்களின் இழப்பைப் பற்றி எழுதும்போது அதற்குப் பாரம் கூடும்.

படி 6: முதுமாணியும் கலாநிதிப் பட்டமும்

முதுமாணியை உள்ளூரில் செய்து, கலாநிதிப் பட்டத்துக்கு வெளியே போவது பலருக்குப் பொருந்தும் வழி. பிரித்தானியாவில் முதுமாணி ஒரு வருடம், பி.எச்.டி. மூன்று நான்கு வருடம். அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் போகும், ஆனால் ஆய்வு முறைகளில் முழுப் பயிற்சி தருவார்கள். பிராட்போர்டில் சமாதானக் கற்கைத் துறை 1973 முதல் இருக்கிறது, சுவீடனில் உப்சலா முக்கியமான இடம்.

புலமைப்பரிசில்களில் பொதுநலவாயம், பிரித்தானிய அரசின் செவனிங், அமெரிக்க அரசின் புல்பிரைட், ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசில் ஆகியவற்றைக் கவனியுங்கள். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும். ரோட்டரியும் வேலை அனுபவம் கேட்கும். ஆகவே பட்டத்துக்குப் பிறகு ஆய்வு நிறுவனமொன்றில் உதவியாளராகக் கழியும் வருடங்கள் வீணில்லை.

மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அவருடைய எந்தக் கட்டுரையோடு உங்கள் கேள்வி உரசுகிறது, உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத எந்தத் தரவு இருக்கிறது, எந்த மொழிகள் தெரியும். இந்த மூன்றும் போதும். "சிறுவயதிலிருந்தே சமாதானத்தில் ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

படி 7: களத்துக்குப் போகும் முன்

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரில் பலர் அதற்கு முன்பே கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன்னால் சாட்சி சொன்னவர்கள், காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் முன்னால் சொன்னவர்கள், 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட கலந்தாலோசனைச் செயலணியிடம் சொன்னவர்கள். பிறகு பத்திரிகையாளர்கள், பிறகு மாணவர்கள். "தம்பி, இதைச் சொன்னா என்ர பிள்ளை வருமே?" என்று கேட்பவரிடம் கொடுக்க உங்களிடம் பதில் இல்லை. இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஆகவே, ஏற்கனவே பதிவான சாட்சியங்களை முதலில் வாசியுங்கள். 2017 ஜனவரியில் வெளியான செயலணி அறிக்கை 7,000க்கும் மேற்பட்ட முன்வைப்புகளை வைத்து எழுதப்பட்டது. உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டத் தேவையில்லை. பிறகும் நேரில் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு போங்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது சிலருக்கு அச்சம் தரும், வாய்மொழிச் சம்மதத்துக்கும் முன்கூட்டியே அனுமதி எடுத்து வையுங்கள். பெயரையும் பேட்டியையும் ஒரே கோப்பில் வைக்காதீர்கள். ஒலிப்பதிவைக் கைபேசியிலேயே விட்டுவைக்காதீர்கள். கிராமத்தின் பெயரை மறைத்துவிட்டு "மூன்று பிள்ளைகளை இழந்த அதிபர்" என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனையோ பேர் நீண்டகாலம் தடுத்துவைக்கப்பட்ட நாடு இது. பேசியவருக்கு வரக்கூடிய ஆபத்தை நீங்கள்தான் முதலில் கணக்கிடவேண்டும்.

இத்துறையில் நமக்கு முன்னே நடந்தவர்கள் கொடுத்த விலையையும் தெரிந்துகொண்டு போங்கள். மனித உரிமை மீறல்களை எந்தத் தரப்பு செய்தாலும் பதிவுசெய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியலமைப்பு அறிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல் கின்சி டெரஸ் அருகே தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். நான் மேலே சொன்ன இனத்துவக் கற்கை நிலையத்தின் நூலகம் இருக்கும் அதே வீதி. அவர்களுடைய முடிவுகளோடு உடன்படலாம், முரண்படலாம். எழுதியதை ஆதாரத்தோடு எழுதினார்கள் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: எழுதி வெளியிடுதல்

காசு கட்டினால் இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஒரு நல்ல ஆய்விதழில் திருத்தத்துக்குத் திரும்பி வரும் கட்டுரை, நிராகரிக்கப்பட்டாலும்கூட, இலவசமாகக் கிடைத்த பாடம். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியானால் அதன் சாரத்தைத் தமிழிலும், முடிந்தால் சிங்களத்திலும் எழுதிப் போடுங்கள். பதவி உயர்வுப் புள்ளிகளில் அது பெரிதாகச் சேராமல் போகலாம். பேட்டி தந்தவர்கள் வாசிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

படி 9: வேலை

நிரந்தரப் பதவிகள் குறைவு. வழக்கமான பாதை தற்காலிக விரிவுரையாளர், பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர். வெற்றிடங்கள் பத்திரிகைகளிலும் பல்கலைக்கழக இணையத்தளங்களிலும் வரும், விண்ணப்ப முடிவுத் திகதி நெருக்கமாக இருக்கும். சான்றிதழ்ப் பிரதிகளை எப்போதும் தயாராக வைத்திருங்கள். கொழும்புக்கு வெளியே இடம் கிடைத்தால் தயங்காமல் போங்கள், களம் அங்கேதான் இருக்கிறது.

இடைக்காலத்தில் பலர் ஆலோசனை வேலை செய்கிறார்கள். சாப்பாட்டுக்கு அது வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வாசகங்களைத் தேடிப் பாருங்கள். சேகரித்த தரவைப் பின்னர் உங்கள் ஆய்வில் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா? பேட்டியளித்தவர்களின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கத்தை நிதி கொடுப்பவரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறதா? முதலாவது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது இருந்தால் வெட்டச் சொல்லுங்கள், வெட்ட மறுத்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.